மேட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்த கல்: வாய்க்கால் பாலத்தில் விழுந்தது என் தவறா?

தையல்நூல் | பிப்ரவரி 4, இரவு 9.10

இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஒரு கையால் எழுத்தைத் தேடித் தேடி அடிக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலூரிலிருந்து எங்கள் ஊருக்குத் திரும்பும் சாலையில் பெரியாற்றுக் கால்வாயின் கிளை வாய்க்கால் ஒன்று குறுக்கே போகிறது. அதன்மேல் பழைய பாலம். ஜல்லிக்கட்டுக் காளையின் திமிலைப்போல நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரியும். திங்கட்கிழமை மாலை ஆறே முக்கால் இருக்கும். கடைக்குக் கொடுக்க வேண்டிய ரவிக்கைகளை மூட்டையாகக் கட்டி முன்னால் வைத்துக்கொண்டு மொபெட்டில் வந்தேன். முகப்பு விளக்கு எரிந்தது. வேகம் 45. மேடு ஏறி இறங்கத் தொடங்கினால், சாலையின் இடது பாதியில் வரிசையாகக் கற்கள். நெல் காயப்போட்டவர்கள் நெல்லை அள்ளிக்கொண்டு கல்லை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பிரேக்கை முழுதாகப் பிடித்தேன். முதல் கல்லுக்குத் தப்பினேன், இரண்டாவது கல் முன்சக்கரத்தை வாரிவிட்டது. மூன்று ரவிக்கை வாய்க்கால் சேற்றில்.

வந்தவர், போனவர், கட்டுப்போட்டவர் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "பார்த்து வரக்கூடாதா?" பார்த்துத்தான் வந்தேன். மேடு ஏறும் வரை வானம்தான் தெரிந்தது. சாலை போடுகிறவர்கள் இதற்கென்று கணக்கு ஏதும் வைத்திருக்கிறார்களா, இல்லை தெரிந்தவரை தெரியட்டும் என்று விட்டுவிடுவார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹெல்மெட்_எங்கே | பிப்ரவரி 4, இரவு 9.31

விழுந்த எல்லோருமே 45-இல்தான் வந்திருப்பார்கள். 60-இல் வந்தேன் என்று இதுவரை ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. மேடு தெரிந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இதற்குப் பொறியாளர் எதற்கு, கணக்கு எதற்கு?

தையல்நூல் | பிப்ரவரி 4, இரவு 9.40

ஹெல்மெட் தலையில்தான் இருந்தது, உங்கள் பெயருக்குப் பதில். வண்டி 60 போகாது. 50-க்கு மேல் போனால் மூட்டை ஆடும், துணி கசங்கும்.

பத்துச்சக்கரம் | பிப்ரவரி 4, இரவு 10.15

அக்கா, கை சீக்கிரம் குணமாகட்டும். அந்தப் பாலம் எனக்குத் தெரியும். செங்கல் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். எங்கள் வழக்கம் என்னவென்றால், மேட்டுக்கு முன்னால் ஹாரன் அடிப்போம், இரவானால் விளக்கை ஏற்றி இறக்குவோம். எதிரே வண்டி வந்தால் அதன் வெளிச்சம் மேட்டுக்கு மேலே முன்கூட்டியே பரவும். வண்டி தெரியும் முன்பே வண்டி வருவது தெரிந்துவிடும். ஆனால் கல்லுக்கு விளக்கு இல்லையே.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வண்டி பழுதாகி நின்றால் பின்னால் கல்லும் மரக்கிளையும் வைக்கிறோம். சரிசெய்து கிளம்பும்போது கிளீனர் தூக்கத்தில் இருப்பான், கல் அங்கேயே கிடக்கும். சிவப்பு முக்கோணம் வண்டியில் இருக்கிறது. அதை வெளியே வைத்தால் திருடு போய்விடும் என்று இருக்கைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.

ஓய்வு_உதவிப்பொறியாளர் | பிப்ரவரி 5, காலை 6.20

அம்மா, கணக்கு உண்டு. எங்கள் படிப்பில் சாலை வடிவமைப்பின் முதல் பாடமே அதுதான்.

ஓட்டுகிறவர் ஒரு பொருளைக் கண்ட கணத்திலிருந்து வண்டி முழுதாக நிற்கும் வரை எவ்வளவு தூரம் ஓடுகிறதோ, அதைவிடக் குறையாத நீளத்துக்குச் சாலை அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முன்னதை நிற்கும் தூரம் என்றும் பின்னதைப் பார்வைத் தூரம் என்றும் வைத்துக்கொள்வோம். பின்னது முன்னதைவிடச் சிறிதானால் அந்த இடம் கெட்ட இடம். அங்கே விபத்து நடந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

நிற்கும் தூரத்தில் இரண்டு துண்டுகள் உண்டு. கண்டு, இன்னதென்று புரிந்து, என்ன செய்வதென்று முடிவெடுத்து, பிரேக்கை அழுத்தும் வரை வண்டி அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு இந்தியச் சாலைகள் காங்கிரஸ் (கட்சி அல்ல, சாலை நெறிமுறைகளை வகுக்கும் அமைப்பு) ஒதுக்கும் நேரம் இரண்டரை விநாடி. பிரேக் பிடித்தபின் டயரும் தாரும் உரசி நிற்பதற்கான தூரம் அடுத்த துண்டு. 1976-இல் வந்த 66-ஆம் எண் நெறிமுறையில் இதெல்லாம் இருக்கிறது. 40 கி.மீ. வேகத்துக்கு 45 மீட்டர், 60-க்கு 80 மீட்டர், 100-க்கு 180 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கானால் தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்காவதைக் கவனியுங்கள். முதல் துண்டு வேகத்தோடு வளரும், இரண்டாவது துண்டு வேகத்தின் வர்க்கத்தோடு வளரும்.

மேடான இடத்தில் பார்வைத் தூரத்தை அளக்க ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், சாலையில் கிடக்கும் பொருளின் உயரம் 15 சென்டிமீட்டர் என்றும் கொள்வோம்.

தையல்நூல் | பிப்ரவரி 5, காலை 7.05

ஐயா, இரண்டரை விநாடி என்பது அதிகம் இல்லையா? நான் கண்டதும் பிடித்துவிட்டேன்.

ஓய்வு_உதவிப்பொறியாளர் | பிப்ரவரி 5, காலை 7.30

கண்டதும் பிடித்தேன் என்று எல்லோருக்கும் தோன்றும். "அது கல்லா, நிழலா, காகிதமா" என்று மனம் தயங்கியது நினைவில் தங்காது. எதிரே ஏதோ வரப்போகிறது என்று காத்திருக்கிறவர் ஒரு விநாடிக்குள் பிடிக்கலாம். வீட்டில் அடுப்பில் என்ன வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டு வருகிறவர் பிடிக்க முடியாது. சாலை அந்த இரண்டாமவருக்காகத்தான் போடப்பட வேண்டும். வயதானவருக்கும், இரவுப் பணி முடிந்து திரும்புகிறவருக்கும் சேர்த்து.

நாகமலை_நிழல் | பிப்ரவரி 5, காலை 11.48

15 சென்டிமீட்டர் என்பது ஒரு சாண்கூட இல்லை. எதற்காக அந்த அளவு? தரையையே பார்க்க வேண்டும் என்று வைத்தால் பள்ளமும் தெரியுமே.

ஓய்வு_உதவிப்பொறியாளர் | பிப்ரவரி 5, பகல் 12.40

நல்ல கேள்வி. தரையே தெரிய வேண்டுமென்றால் மேட்டை இன்னும் நீளமாக, இன்னும் தட்டையாக வெட்ட வேண்டும். செலவு எகிறும். ஆகவே இது பேரம் பேசி வந்த எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இப்போது 60 சென்டிமீட்டர் என்று வைத்திருக்கிறார்கள். முன்னே போகும் காரின் பின்விளக்கு உயரம் அது. அவர்கள் சாலையில் நெல் காயப்போடுவதில்லை. நமக்கு 15-தான் சரி என்பது என் கட்சி. படுத்திருக்கும் நாய், விழுந்த தேங்காய், கழன்ற டயர்த்துண்டு, இந்த அம்மாவின் கல் எல்லாம் ஏறக்குறைய அந்த உயரம்தான்.

ஒருபோகம் | பிப்ரவரி 5, மாலை 4.02

நெல் காயப்போடுகிறவன் பேசுகிறேன். அந்தக் கல் என்னுடையது அல்ல. ஆனால் சென்ற ஆண்டு என்னுடையதும் அங்கே கிடந்தது.

பெரியாற்றுக் கால்வாயில் கள்ளந்திரிக்குக் கீழே இருக்கும் எங்களுக்கு ஆண்டுக்கு ஒருபோகம்தான். தண்ணீர் வந்தால் நடவு, தையில் அறுப்பு. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள். அறுவடை இயந்திரம் கொட்டும் நெல்லில் ஈரம் அதற்கு மேலேதான் இருக்கும். களம் ஊருக்கு ஒன்று. அதிலும் பாதியில் யாரோ செங்கல் அடுக்கியிருக்கிறார்கள். வயலில் கொட்டினால் தரை ஈரம் ஏறும். ஆகவே சாலை.

சாலையில் ஏன் பாலத்து மேடு என்று கேட்பீர்கள். காற்று அங்கேதான் வரும். தூற்றுவதற்கு அதைவிட நல்ல இடம் இந்த வட்டாரத்தில் இல்லை. மழை பெய்தாலும் தண்ணீர் தேங்காமல் ஓடிவிடும். உங்களுக்குக் கெட்ட இடம், எங்களுக்கு நல்ல இடம்.

ஹெல்மெட்_எங்கே | பிப்ரவரி 5, மாலை 4.30

பொதுச்சாலையை ஆக்கிரமித்துவிட்டு நியாயம் வேறு. வழக்குப் போட வேண்டும்.

ஒருபோகம் | பிப்ரவரி 5, மாலை 4.41

போடுங்கள். சோறு எங்கே வாங்குகிறீர்கள் என்று நானும் ஒரு மனு போடுகிறேன்.

மட்டுறுத்துநர் | பிப்ரவரி 5, மாலை 5.00

இழை சாலையைப் பற்றியது. வழக்கையும் சோற்றையும் வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குவாத்தியார் | பிப்ரவரி 5, இரவு 8.20

அளந்து பார்க்காமல் ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை நானே போகிறேன். தையல்நூல் அம்மா இடத்தைக் காட்டினால் போதும். ஐயா, அளக்கும் முறையைச் சொல்லுங்கள். கருவி என்று என்னிடம் 30 மீட்டர் டேப் மட்டும் இருக்கிறது.

ஓய்வு_உதவிப்பொறியாளர் | பிப்ரவரி 5, இரவு 9.05

டேப் போதும். கூட ஒரு கொத்தனாரை அழையுங்கள். அவரிடம் ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் முறை இருக்கும். பாலத்துக்கு இருபுறமும் 20 மீட்டருக்கு எத்தனை சென்டிமீட்டர் ஏறுகிறது என்று அதில் பிடித்துவிடலாம்.

ஒரு கம்பில் 1.2 மீட்டரில் குறி போடுங்கள். ஒருவர் அந்த உயரத்தில் கண்ணை வைத்துக் குனிந்து நிற்க வேண்டும். 15 சென்டிமீட்டருக்கு இரண்டு செங்கல்லைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். நம்மூர்ச் செங்கல் மூன்று அங்குலம், இரண்டு சேர்ந்தால் சரியாக வரும். இன்னொருவர் செங்கல்லை மேட்டுக்கு அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டே போகட்டும். மேல்விளிம்பு மறையும் இடத்தில் நிறுத்தி, கண்ணிலிருந்து செங்கல் வரை அளவெடுங்கள். பார்க்கிறவரும் முன்னும் பின்னும் நகர்ந்து, மிகக் குறைந்த தூரம் எங்கே வருகிறது என்று தேட வேண்டும். இருபுறமும் ஆள் நிறுத்திச் சிவப்புத் துணி காட்டச் சொல்லுங்கள். அளக்கப் போனவர்கள் அடிபட்டார்கள் என்ற செய்தி வேண்டாம்.

பத்துச்சக்கரம் | பிப்ரவரி 6, காலை 5.50

சிவப்புத் துணி பிடிக்க நான் வருகிறேன். ஞாயிறு லோடு இல்லை.

நாகமலை_நிழல் | பிப்ரவரி 6, பகல் 1.15

மேட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் மேடே இல்லை, வளைவில் தெரிவதில்லை. வளைவின் உள்பக்கம் சீமைக்கருவேலம் சாலை விளிம்பு வரை வந்துவிட்டது. மழைக்குப் பின் ஒரே மாதத்தில் ஆள் உயரம். முள்ளுக்குள்ளிருந்து ஆடு வரும், ஆட்டுக்குப் பின்னால் பையன் வருவான். இதற்கும் கணக்கு உண்டா?

ஓய்வு_உதவிப்பொறியாளர் | பிப்ரவரி 6, மாலை 6.10

உண்டு. வளைவு என்பது படுக்கவைத்த மேடு, அவ்வளவுதான். வேண்டிய பார்வைத் தூரத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தைப்போல எட்டு மடங்கால் வகுத்தால், உள்தடத்தின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் வெட்டவெளியாக இருக்க வேண்டும் என்று வரும். ஆரம் 150 மீட்டர், வேகம் 60 என்றால் 80 மீட்டர் தெரிய வேண்டும். 6400-ஐ 1200-ஆல் வகுங்கள்: 5.3 மீட்டர். ஏழு மீட்டர் அகலச் சாலையில் தடத்தின் நடுவிலிருந்து விளிம்புக்கு 1.75 மீட்டர் போய்விடும். மிச்சம் மூன்றரை மீட்டர். அதாவது தார் முடியும் இடத்திலிருந்து மூன்றரை மீட்டருக்குள் முள்ளோ, சுவரோ, பெட்டிக்கடையோ, கட்சிப் பதாகையோ இருக்கக்கூடாது. போட்ட அன்று 60-க்கு ஏற்ற வளைவாக இருந்தது, கருவேலம் வளர்ந்தபின் 40-க்குக்கூட ஆகாது. வரைபடத்தில் எந்தக் கோடும் மாறியிருக்காது.

நான்குவழிச்சாலையில் சென்டர் மீடியனில் அரளி வைத்திருக்கிறார்களே, அதற்கும் இதே கதை. எதிர்வண்டியின் விளக்கு கண்ணைக் கூசாமல் இருக்க அரளி நல்லதுதான். ஆனால் மீடியன் திறப்புக்குப் பக்கத்தில் அதைக் குட்டையாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்பக் காத்திருக்கும் மொபெட் செடிக்குள் ஒளிந்திருக்கும்.

பத்துச்சக்கரம் | பிப்ரவரி 6, இரவு 9.20

ஐயா, அந்த அரளியை எங்கள் உயரத்திலிருந்து பார்த்தால் மேலாகத் தெரியும். காரில் வருகிறவருக்குத்தான் சுவர். ஆனால் புளியமரக் கிளை எங்களுக்குச் சுவர், காருக்கு ஒன்றுமில்லை. வளைவில் கிளை தாழ்ந்திருந்தால் எதிரே வரும் பஸ்ஸின் சக்கரம்தான் முதலில் தெரியும்.

எங்களை மிரட்டுவது இரும்புத் தடுப்பு. வேகத்தைக் குறைக்கக் குறுக்கும் நெடுக்குமாக வைக்கிறார்கள். ஒளிரும் பட்டை உரிந்துபோன தடுப்பு ராத்திரியில் கருப்போடு கருப்பாக நிற்கும். இறக்கத்தில் வைத்திருந்தால் லோடு வண்டிக்குக் கதை முடிந்தது. ஏர் பிரேக்கில் மிதித்த உடனே பிடிக்காது, காற்றுப் போய்ச் சேர அரை விநாடி ஆகும். 60-இல் அரை விநாடி என்றால் எட்டு மீட்டர்.

கணக்குவாத்தியார் | பிப்ரவரி 8, பகல் 12.30

அளந்தாயிற்று. காலை ஆறரைக்குப் போனோம். நான், தையல்நூல் அம்மா, அவருடைய அக்காள் மகன், கொத்தனார், லாரி அண்ணன். லாரி அண்ணன் சிவப்புத் துணிக்குப் பதில் சிவப்புச் சேலையே கொண்டுவந்திருந்தார். வண்டிகள் கால் கிலோமீட்டருக்கு முன்பே நின்றுவிட்டன, ஏதோ கோயில் திருவிழா என்று.

குழாய் மட்டத்தில் 20 மீட்டருக்கு 60 சென்டிமீட்டர் ஏற்றம். மறுபக்கமும் அதேதான். நூற்றுக்கு மூன்று ஏற்றம், நூற்றுக்கு மூன்று இறக்கம். திமில் என்று சொன்னோம், எண்ணில் பார்த்தால் சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏற்றம் இறக்கமாகத் திரும்பும் வளைவுப் பகுதி 40 மீட்டர்தான். அங்கேதான் வினை.

1.2 மீட்டர் கண்ணுக்குச் செங்கல் மறைந்த தூரம் 55 மீட்டர். சூத்திரத்தில் போட்டால் 56.6. ஒன்றரை மீட்டர் வித்தியாசம் என் முதுகுவலிக்கு. அதாவது இந்த மேடு ஏறக்குறைய 47 கி.மீ. வேகத்துக்கு மட்டுமே ஏற்றது.

மொபெட்டில் உட்கார்ந்தால் அம்மாவின் கண் 1.45 மீட்டரில் இருக்கிறது. அதற்கு 62 மீட்டர் வருகிறது. 45 வேகத்தில் நிற்க வேண்டிய தூரம் 52. பத்து மீட்டர் மிச்சம். கணக்குப்படி அவர் நின்றிருக்க வேண்டும்.

ஹெல்மெட்_எங்கே | பிப்ரவரி 8, பகல் 12.41

நான் முதல் நாளே சொன்னேன்.

கணக்குவாத்தியார் | பிப்ரவரி 8, பகல் 12.58

முடிக்க விடுங்கள். அவர் விழுந்தது ஆறே முக்காலுக்கு, பொழுது சாய்ந்தபின். பார்த்தது கண்தான், காட்டியது விளக்கு. மொபெட்டின் முகப்பு விளக்கு தரையிலிருந்து 80 சென்டிமீட்டர். கண்ணுக்குப் பதில் 0.8 போட்டுக் கணக்கிட்டேன்: 47 மீட்டர். அதற்கு அப்பால் கிடக்கும் 15 சென்டிமீட்டர் கல்லின்மேல் அந்த விளக்கின் ஒளி விழ வழியே இல்லை. மேட்டின் உச்சி மறைத்துவிடும்.

கண் எட்டுவது 62. விளக்கு எட்டுவது 47. நிற்க வேண்டியது 52. ஐந்து மீட்டர் குறைகிறது. முதல் கல்லுக்குத் தப்பி இரண்டாவதில் விழுந்தேன் என்று அம்மா எழுதியதை மறுபடி படித்தேன்.

40-இல் வந்திருந்தால் 45 மீட்டருக்குள் நின்றிருப்பார்.

தையல்நூல் | பிப்ரவரி 8, பகல் 2.10

அந்த ஐந்து கிலோமீட்டரை எனக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்?

ஓய்வு_உதவிப்பொறியாளர் | பிப்ரவரி 8, மாலை 5.15

நாங்கள்தான்.

வாத்தியாரின் 47 மீட்டரில் ஒரு திருத்தம். முகப்பு விளக்கின் தாழ்ந்த ஒளி (லோ பீம்) கீழ்நோக்கிச் சாய்வாகத்தான் விழும், ஆகவே உண்மையில் அதைவிடக் குறைவாகவே இருக்கும். மழை பெய்து தார் வழுக்கினால் நிற்கும் தூரம் இன்னும் நீளும். டயருக்கும் தாருக்கும் இடையிலான உராய்வுக் கெழு 0.35-இலிருந்து 0.20-க்கு இறங்கியதாக வைத்து 80 கி.மீ. வேகத்துக்குப் போட்டுப் பாருங்கள்: 128 மீட்டரில் நிற்க வேண்டிய வண்டி 182 மீட்டரில் நிற்கும்.

அந்தப் பாலம் மாட்டுவண்டிக் காலத்தது. வாய்க்காலில் முழுத் தண்ணீர் ஓடினாலும் தட்டாத உயரத்தில் பாலம் இருக்க வேண்டும், இருபுறமும் வயல், எனவே குறைந்த நீளத்தில் ஏற்றி இறக்கிவிட்டார்கள். மாட்டுவண்டிக்கு அது குறையே இல்லை. பிறகு எங்களைப் போன்றவர்கள் வந்தோம். பாலத்தைத் தொடாமல் இருபுறமும் வழுவழுவென்று தார் போட்டோம். நான் பணியில் இருந்தபோது இப்படி எத்தனை மதிப்பீட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். குண்டும் குழியுமாக இருந்தவரை அந்த மேட்டில் யாரும் 30-ஐத் தாண்டியிருக்கமாட்டார்கள். சாலையைச் சீராக்கினோம், வேகம் கூடியது, மேடு அப்படியே இருந்தது.

80 கி.மீ. வேகத்துக்கு அதைச் சரிசெய்வதென்றால் வளைவுப் பகுதி 40 மீட்டருக்குப் பதில் 223 மீட்டர் வேண்டும். இருபுறமும் கரை உயர்த்த வேண்டும், நிலம் எடுக்க வேண்டும். ஒருபோகத்தாரின் வயலும் அதில் போகும். நடக்காது. 40 என்று பலகை வைத்து, நடுவில் தொடர்கோடு போட்டு, முந்துவதைத் தடுப்பதே இப்போதைக்கு ஆகிற காரியம். 80-இல் பாதுகாப்பாக முந்துவதற்கு 470 மீட்டர் தெரிய வேண்டும் என்பது எங்கள் நெறிமுறை. அங்கே 55.

பத்துச்சக்கரம் | பிப்ரவரி 8, மாலை 6.00

ஐயா, பலகை இருக்கிறது. நாங்கள் பார்த்தோம். மேலூர்ப் பக்கம் கருவேலத்துக்குள் நிற்கிறது. கிளையை விலக்கினால் 40 என்று தெரிகிறது. ஒரு குருவி கூடு கட்டியிருக்கிறது.

எங்கள் கேபின் உயரத்துக்கு வாத்தியார் கணக்குப் போட்டுச் சொன்னார், 81 மீட்டர். 60-இல் லோடு வண்டி நிற்க 80 வேண்டும், ஏர் பிரேக்கின் எட்டைக் கூட்டினால் 88. உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் எல்லாம் தெரிகிறது என்று இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஹெல்மெட்_எங்கே | பிப்ரவரி 8, இரவு 8.30

சரி, இந்த முறை நான் குறை சொல்லவில்லை. ஒரு வேகத்தடை போட்டுவிட்டால் என்ன? இல்லாவிட்டால் மலைச்சாலையில் வைப்பதுபோல் ஒரு குவி கண்ணாடி?

ஓய்வு_உதவிப்பொறியாளர் | பிப்ரவரி 8, இரவு 9.10

கண்ணாடி கொண்டை ஊசி வளைவுக்கு உதவும், வண்டி ஊர்ந்து வரும் இடத்துக்கு. மேட்டில் எங்கே வைப்பீர்கள், வானத்திலா?

வேகத்தடை போடலாம், ஆனால் எங்கே என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முறையான வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். அதாவது அம்மாவின் கல்லைவிடச் சின்னப் பொருள். மேட்டுக்கு அந்தப் பக்கம் அதைப் போட்டால் அதுவே பார்வைக்குத் தப்பும். ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள் என்று இறக்கத்தில் போட்டு, வெள்ளைக்கோடும் அடிக்காமல் விட்ட இடங்களைப் பார்த்திருக்கிறேன். ஏற்றம் தொடங்கும் முன், எச்சரிக்கைப் பலகையோடு, கோட்டோடு போட்டால் எனக்கு மறுப்பில்லை.

கணக்குவாத்தியார் | பிப்ரவரி 9, காலை 7.00

சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அளவுகளோடு மனு எழுதிவிட்டேன். ஒன்று மட்டும் உறுத்துகிறது. 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் உயிர்ச்சேதமோ கொடுங்காயமோ ஏற்பட்ட விபத்து ஐந்து, அல்லது பத்து உயிர் போயிருந்தால்தான் அது விபத்துக் கரும்புள்ளி என்று பட்டியலில் ஏறும். அம்மா போலீசில் எழுதிக் கொடுத்தாரா?

தையல்நூல் | பிப்ரவரி 9, காலை 7.20

இல்லை. கல்லின்மேல் என்னவென்று எழுதிக் கொடுப்பது?

கணக்குவாத்தியார் | பிப்ரவரி 9, காலை 7.24

அப்படியானால் பதிவேட்டில் அங்கே எதுவும் நடக்கவில்லை. பதினோரு வயதில் என் மாணவன் ஒருவன் அதே பாலத்தில் சைக்கிளோடு விழுந்தான். அதுவும் நடக்கவில்லை.

ஒருபோகம் | பிப்ரவரி 9, இரவு 8.45

இரண்டு நாளாக இதையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் பேசினோம். நெல் காயப்போடுவதை நிறுத்த முடியாது, வாக்குக் கொடுத்து ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை. மேட்டு உச்சியிலிருந்து இருபுறமும் அறுபது அறுபது காலடிக்குள் போடுவதில்லை என்று ஒத்துக்கொண்டார்கள். அதற்கு அப்பால் போடுவோம், காற்றுக் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. கல்லுக்குப் பதில் வைக்கோல் பிரி திரித்துச் சுற்றிப் போடுகிறோம். வண்டி ஏறினாலும் ஒன்றுமில்லை. கிழவர் ஒருவர் மட்டும் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து வைப்பேன் என்கிறார். விளக்கே விழாத இடத்தில் சுண்ணாம்பு அடித்து என்ன பயன் என்று வாத்தியார் கணக்கைக் காட்டினேன். வாத்தியாருக்கு நெல் காயப்போடத் தெரியுமா என்று கேட்டார்.

நாகமலை_நிழல் | பிப்ரவரி 9, இரவு 9.15

கருவேலத்தை யார் வெட்டுவது?

ஒருபோகம் | பிப்ரவரி 9, இரவு 9.22

உங்கள் பக்கத்தது உங்களுக்கு. எங்கள் பலகையைச் சுற்றி நாளை வெட்டுகிறோம். விறகுக்கு ஆகும். குருவிக்கூடு இருக்கும் கிளையை மட்டும் விட்டுவிடலாம், பலகையின் பின்பக்கம்தான் இருக்கிறது.

தையல்நூல் | பிப்ரவரி 11, இரவு 7.30

இன்று அக்காள் மகன் பின்னால் உட்கார்ந்து அந்தப் பாலத்தைக் கடந்தேன். பலகை தெரிகிறது. அவன் 40-இல் ஏறினான், நான் தோளைத் தட்டினேன், 35-க்கு இறக்கினான். உச்சியில் கண்ணை மூடிக்கொண்டேன், அது எந்தக் கணக்கிலும் வராது. சேற்றில் விழுந்த மூன்றில் இரண்டு ரவிக்கையை வெளுத்து எடுத்துவிட்டேன். மூன்றாவது பட்டு. அதற்கு நான்தான் பணம் கொடுக்க வேண்டும்.

ஒருபோகம் | பிப்ரவரி 11, இரவு 8.05

கணக்கு வாத்தியார் கவனத்துக்கு: ஞாயிற்றுக்கிழமை அளக்கக் கொண்டுவந்த இரண்டு செங்கல்லும் பாலத்துக்கு அந்தப் பக்க இறக்கத்தில், சாலை விளிம்பிலேயே, ஒன்றன்மேல் ஒன்றாக இன்று காலை வரை இருந்தன. எடுத்துத் திண்ணையில் வைத்திருக்கிறேன். எப்போது வந்து வாங்கிக்கொள்கிறீர்கள்?